ஹார்டு டிஸ்க் தெரியவில்லை, லேப்டாப் எழவில்லை: எது போனது, எது மிஞ்சும்?

வெளிப்புற ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகுகிறோம். திரையில் எதுவும் வரவில்லை. 'டிஸ்க் போச்சு' என்று அந்த நொடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சர்வீஸ் கடைக்காரரிடமும் அதையே சொல்கிறோம். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. கேபிளுக்குள் அறுந்த கம்பியாக இருக்கலாம். மின்சாரம் போதாமல் இருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் சிறு சர்க்யூட் பழுதாகியிருக்கலாம். டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருக்கலாம். கோப்புப் பட்டியல் சிதைந்திருக்கலாம். உண்மையிலேயே டிஸ்க்கில் தரவைப் படிக்கும் முனை உடைந்தும் இருக்கலாம். முதலாவதற்கு வேறு கேபிள் போதும். கடைசிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே என்பதால்தான் இவ்வளவு தரவு வீணாகிறது.

லேப்டாப் விஷயமும் இப்படித்தான். 'டெட்' என்று ஒதுக்கிய இயந்திரத்தில் திரை மட்டுமே போயிருக்கும், அல்லது போர்டு மட்டுமே. மற்ற உறுப்புகள் நல்ல நிலையில் காயலான் கடைக்குப் போய்ச் சேரும். கருவி, அதற்குள் இருக்கும் டிஸ்க், டிஸ்க்கில் இருக்கும் தரவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சாவதில்லை. எது போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். அந்த வரிசைக்கு ஒரே விதி: டிஸ்க்கில் எதையும் எழுதாத சோதனைகள் முதலில், எழுதும் சோதனைகள் கடைசியில்.

கேபிளும் மின்சாரமும்

சோதனையைக் கையிலிருந்தும் காதிலிருந்தும் தொடங்குவது நல்லது. 2.5 அங்குல டிஸ்க்கை உள்ளங்கையில் தட்டையாக வைத்துக்கொண்டு கேபிளைச் செருகினால், ஓரிரு நொடியில் மெல்லிய அதிர்வு தெரியும். தட்டு சுழலத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அதன்பின் ஒரு சிறிய 'டிக்'. முனை தன் இடத்திலிருந்து தட்டின் மேல் வந்துவிட்டது. பிறகு சீரான ரீங்காரம். இந்த மூன்றும் வந்தால் இயந்திரப் பகுதி அநேகமாக நலம். அதிர்வே இல்லையென்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது சர்க்யூட் போர்டு பழுது. சுழலத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கினால் மின்சாரம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். தாள லயத்தில் 'டக், டக், டக்' என்று தட்டினால் முனை தரவைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்குப் போகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மின்சாரக் கணக்கு எளிமையானது. யூ.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரக் கடமைப்பட்டது, யூ.எஸ்.பி. 3.0 துளை 900 மில்லி ஆம்பியர். ஆனால் நின்றிருக்கும் தட்டை முதன்முதலாகச் சுழற்றும்போது 2.5 அங்குல டிஸ்க் ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். ஓடத் தொடங்கியபின் அதில் பாதிகூடத் தேவைப்படாது. அந்தத் தொடக்க நொடியைத்தான் பழைய லேப்டாப்பின் துளையும், தனி அடாப்டர் இல்லாத ஹப்பும், டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையும், மெல்லிய நீளமான கேபிளும் தாங்குவதில்லை. எனவே குட்டையான கேபிள், நேரடித் துளை, டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத் துளை, பிறகு வேறொரு கணினி என்று மாற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜ் செய்ய மட்டும் பயன்படும், தரவுக் கம்பிகளே இல்லாத கேபிள்களும் புழக்கத்தில் உண்டு. அவற்றைச் செருகினால் டிஸ்க் அழகாகச் சுழலும், விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது.

வெளிப்புற டிஸ்க்குகளில் பரவலாக இருக்கும் அந்தத் தட்டையான, அகலமான மைக்ரோ-பி துளையும் பலவீனமானது. கேபிளோடு டிஸ்க்கைத் தூக்கித் தொங்கவிடும் பழக்கம் அதன் பற்றவைப்பை மெதுவாக விரிசல் விட வைக்கிறது. கேபிளை லேசாக அசைத்தால் டிஸ்க் வந்து வந்து மறைந்தால் கோளாறு அங்கேதான். மறுபடி பற்றவைத்தால் சரியாகிவிடும். தரவுக்கு எந்தச் சேதமும் இல்லை.

மேசைமேல் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. டிஸ்க்குக்கு முன்னால் அடாப்டர் போவது சகஜம். அதைவிட வருத்தமான ஒன்று, அவசரத்தில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை அதே துளையில் செருகிவிடுவது. டிஸ்க் அந்தக் கணமே அடங்கிவிடும். ஆனாலும் பல டிஸ்க் போர்டுகளில் அளவுமீறிய மின்னழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும் டி.வி.எஸ். டயோடு ஒன்று இருக்கும். பாதிக்கப்பட்டது அது மட்டுமென்றால், மல்டிமீட்டரில் பார்த்து அந்தச் சிறு டயோடை எடுத்துவிட்டு, சரியான அடாப்டரைப் போட்டால் டிஸ்க் எழுந்துவிடும். தரவைப் பிரதியெடுக்கும் வரை அப்படி ஓட்டலாம். கைதேர்ந்த ஒருவருக்குச் சில நிமிட வேலை இது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

வெளிப்புற ஹார்டு டிஸ்க் என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. பெரும்பாலானவற்றில் இருப்பது லேப்டாப்பில் இருக்கும் அதே சாட்டா டிஸ்க். அதன் முனையில் சாட்டாவை யூ.எஸ்.பி.யாக மாற்றும் ஒரு சிறு போர்டு. அந்தப் பாலம் பழுதானால் டிஸ்க் நன்றாக இருந்தும் கணினிக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை எடுத்து, வேறொரு சாட்டா-யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டினால் எல்லாக் கோப்புகளும் அப்படியே வரும்.

இந்த வழியில் மூன்று தடைகள் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல 2.5 அங்குல மாடல்களில் தனிப் பாலமே இல்லை, யூ.எஸ்.பி. துளை டிஸ்க்கின் சொந்த போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். திறந்து பார்த்தால் சாட்டா முனை இருக்காது. அடுத்தது, அதே நிறுவனத்தின் மை பாஸ்போர்ட், மை புக் வரிசைகளில் பல மாடல்கள் நாம் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் தரவைப் பாலச் சில்லிலேயே குறியாக்கம் செய்து எழுதுகின்றன. டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மாட்டினால் புரியாத எண்குவியல்தான் கிடைக்கும். அதே வகைப் பாலம் வேண்டும். மூன்றாவது, அதிகம் பேருக்குத் தெரியாதது. சில பெரிய டிஸ்க்குகளின் பாலங்கள் 512 பைட் செக்டர்களைக் கணினிக்கு 4096 பைட் செக்டர்களாகக் காட்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் கணக்கு மாறிவிடுவதால், நல்ல டிஸ்க்கும் வெற்று டிஸ்க்காகத் தோன்றும். அப்போது பயந்துபோய் ஃபார்மட் கொடுப்பதுதான் உண்மையான விபத்து.

எம்.2 எஸ்.எஸ்.டி.யைப் பெட்டியில் போட்டுப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் எம்.2 அட்டைகளில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. ஒரு வகைக்கான பெட்டி மற்றதைப் படிக்காது. இரண்டையும் படிக்கும் பெட்டிகள் தனியே விற்கின்றன. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பெட்டியின் வகையைப் பார்த்துவிட வேண்டும்.

திரையில் வரும் கேள்விக்குப் பதில்

கேபிளும் மின்சாரமும் சரியென்றால், விண்டோஸில் பார்க்க வேண்டிய இடம் டிஸ்க் மேனேஜ்மென்ட். மை கம்ப்யூட்டரில் தெரியாத டிஸ்க் இங்கே தெரியலாம். தெரிந்தால் முதலில் கவனிக்க வேண்டியது அதன் கொள்ளளவு. ஒரு டெராபைட் டிஸ்க் 931 ஜி.பி. என்று சரியாகக் காட்டினால், பாலமும் போர்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. கொள்ளளவே காட்டாமல் 'நோ மீடியா' என்று வந்தால், பாலம் மட்டும் பதில் சொல்கிறது, உள்ளே இருக்கும் டிஸ்க் பேசவில்லை.

சரியான கொள்ளளவும் பகுதியும் தெரிந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் வலது கிளிக்கில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். வேலை அங்கேயே முடிந்தது. 'ரா' என்றோ 'அன்அலகேட்டட்' என்றோ வந்தால்தான் நிதானம் வேண்டும். விண்டோஸுக்குப் புரியாத கோப்பு முறைமை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லாமலும் இருக்கலாம். மேக் கணினியில் ஏ.பி.எஃப்.எஸ். முறையில் தயாரித்த டிஸ்க்கையும், லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 டிஸ்க்கையும் விண்டோஸ் அப்படித்தான் பார்க்கும்; பார்த்துவிட்டு, பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்கும். டிவியில் பதிவுசெய்யக் கொடுத்த டிஸ்க்கிலும் இதே கதைதான். அந்தக் கேள்விக்கு ஒரே பதில் 'கேன்சல்'. தவறி 'குயிக் ஃபார்மட்' கொடுத்திருந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அது பட்டியலை மட்டுமே புதிதாக எழுதுகிறது. முழு ஃபார்மட் அப்படியில்லை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. அதன்பிறகு எந்த மென்பொருளாலும் எதுவும் செய்ய முடியாது.

பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் இரண்டு இலவச மென்பொருள்கள் இந்தக் கட்டத்தில் பெரும் துணை. டெஸ்ட்டிஸ்க் காணாமல்போன பகுதி எல்லைகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப எழுதும். ஃபோட்டோரெக் பட்டியலையே நம்பாது. ஒவ்வொரு செக்டராகப் போய், படம், காணொளி, ஆவணம் ஆகியவற்றின் தொடக்க அடையாளத்தைக் கண்டு கோப்புகளைப் பொறுக்கியெடுக்கும். கோப்புப் பெயர்களும் கோப்புறைகளும் திரும்ப வராது. பத்தாயிரம் படங்கள் எண்களைப் பெயராகக் கொண்டு குவிந்து கிடக்கும். உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஆனால் படங்கள் இருக்கும். மீட்ட கோப்புகளை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் வேறொரு டிஸ்க்கில் சேமிப்பது கட்டாயம்.

செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்

டிஸ்க் தெரிகிறது, கோப்புறையும் திறக்கிறது, ஆனால் ஒரு படத்தைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது. நடுவில் கணினியே உறைந்து நிற்கிறது. இந்த நிலைதான் அதிகத் தவறுகளுக்கு இடமாகிறது. டிஸ்க் உயிரோடு இருப்பதுபோல் தோன்றுவதால் மக்கள் அதைத் தொடர்ந்து ஓட்டுகிறார்கள்.

இங்கே 'ஸ்மார்ட்' பதிவுகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்கட்டில் அதைப் படித்துக்காட்டும். 5ஆம் எண் வரி, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்தவே முடியாதவை. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்; அது தரவு கேபிளில் வரும் பிழைகளின் எண்ணிக்கை.

இந்தப் பதிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்குக் கூகிள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் நல்ல அளவுகோல். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை அவர்கள் கவனித்தார்கள். முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழை வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். ஆனால் அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 விழுக்காடு முக்கியமான நான்கு ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஸ்மார்ட் 'மோசம்' என்றால் நம்புங்கள். 'நலம்' என்று சொன்னால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

இந்த நிலையில் பலரும் கேட்பது 'சி.ஹெச்.கே.டிஸ்க்' ஓட்டலாமா என்பது. தரவு பத்திரமாகும் வரை கூடவே கூடாது. அதன் வேலை கோப்பு முறைமையின் ஒழுங்கைச் சரிசெய்வது. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் முதல் நோக்கமன்று. நலிந்த டிஸ்க்கில் மணிக்கணக்காக எழுதியும் படித்தும் அதன் மிச்ச ஆயுளைத் தின்றுவிடும்; பொருந்தாத கோப்புகளைத் துண்டுகளாக்கி ஒதுக்கியும் விடும்.

சரியான வழி, முதலில் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிம்பமாக எடுப்பது. இதற்கென்றே இருப்பது குனூ டிடிரெஸ்க்யூ. ஸ்பெயினின் அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய சுதந்திர மென்பொருள். இதன் அறிவு படிக்கும் வரிசையில் இருக்கிறது. சாதாரணப் பிரதியெடுப்பு பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். எளிதாகக் கிடைக்கும் பகுதிகளை எல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். பிறகுதான் குறித்த இடங்களுக்கு ஓரங்களிலிருந்து திரும்பி வரும். எங்கே எவ்வளவு முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும், சூடேறிய டிஸ்க்கை ஆறவிட்டு மறுநாள் தொடர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருப்பதால் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. மூலம் எது, இலக்கு எது என்பதை ஒன்றுக்கு இரண்டுமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். மாற்றிக் கொடுத்தால் பழுதான டிஸ்க்கின் மேல் வெற்று டிஸ்க்கை எழுதி எல்லாம் போய்விடும். மற்ற மீட்பு வேலைகளை எல்லாம் பிம்பத்தின் மேல் செய்யலாம். அங்கே தவறினால் மறுபடி ஆரம்பிக்க வழியுண்டு.

எஸ்.எஸ்.டி. சாகும் விதம் வேறு. பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் முற்றிலும் காணாமல் போகும். அழித்த கோப்பை மீட்பதும் கடினம். 'டிரிம்' என்னும் கட்டளை வந்தபின் அந்தத் தரவை டிஸ்க்கே துடைத்துவிடுகிறது. எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்கள் இரண்டாவது பிரதியை முன்பைவிட அக்கறையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

டக், டக் என்ற சத்தம்

இனி அந்தச் சத்தம். இயங்கும் டிஸ்க்கில் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்று மெத்தைமேல் மிதக்கிறது. வீட்டுத் தூசியின் ஒரு துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. முனை வளைந்திருக்கும் நிலையில் டிஸ்க்கை ஓடவிட்டால் தட்டின் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுத் தூளாகிறது. தரவு எழுதப்பட்டிருப்பது அந்தப் பூச்சில்தான். அதனால்தான் சத்தம் கேட்டதும் நிறுத்தச் சொன்னேன். மேசைமேல் மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே காரணத்தால் தவறு.

ஃபிரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற யோசனை இன்னமும் சுற்றுகிறது. குளிரிலிருந்து எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். ஈரத் தட்டின் மேல் முனை பறக்காது. அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டும் யோசனையும் இன்று பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய அளவுகள் போர்டில் இருக்கும் சிறு ரோம் சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைத்தால்தான் போர்டு மாற்றம் வேலை செய்யும்.

தொழில்முறை ஆய்வுக்கூடங்கள் தூசியற்ற அறையில் திறந்து, ஒத்த டிஸ்க்கிலிருந்து முனைகளை மாற்றிப் படிக்கின்றன. அவர்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு 2003இல் உடைந்து சிதறிய கொலம்பியா விண்ணோடமே சான்று. இடிபாடுகளோடு விழுந்த சீகேட் டிஸ்க் ஒன்று டெக்சாஸில் பல மாதம் கழித்துக் கிடைத்தது. உறை உருகி, கரிந்து, உலோகக் கட்டியாக இருந்த அதிலிருந்து ஆன்ட்ராக் நிறுவனத்தார் 99 விழுக்காடு தரவை எடுத்தார்கள். அதில் பதிவாகியிருந்த, செனான் வாயு பற்றிய பரிசோதனையின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. தரவு இருந்த பகுதியில் தட்டு கெடாமல் இருந்ததுதான் காரணம்.

தட்டைக் கெடாமல் காப்பதுதான் இதிலிருந்து நமக்கான பாடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அதைக் கண்டது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்த டிஸ்க்குகளை வெயிலில் காயவைத்தும், ஹேர் டிரையர் காட்டியும், மின்சாரம் கொடுத்துப் பார்த்தும் கெடுத்துக்கொள்வது எளிது. வெள்ள நீரின் சேறும் உப்பும் காய்ந்தால் தட்டிலும் முனையிலும் ஒட்டிப்போகும். நனைந்த டிஸ்க்கை மின்சாரம் கொடுக்காமல், ஈரம் உலராதபடி பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே மீட்பு நிபுணர்கள் சொல்லும் முறை. செலவு பல ஆயிரங்களைத் தாண்டும். தரவுக்கு அந்த மதிப்பு உண்டா என்பதை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். நாமே நாலு வழியில் முயன்று தோற்றபின் அல்ல.

'டெட்' லேப்டாப்புக்குள்

இறந்த லேப்டாப்பிலிருந்து முதலில் எடுக்க வேண்டியதும் டிஸ்க்தான். அதற்கு முன் இயந்திரம் உண்மையிலேயே இறந்ததா என்று பார்த்துவிடலாம். சார்ஜரையும் கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சார்ஜரை மட்டும் மாட்டி முயல வேண்டும். தேங்கிய மின்சாரம் வடிந்து எழும் லேப்டாப்புகள் நிறைய. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், டார்ச் அடித்துத் திரையைச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. வெளி மானிட்டரில் படம் வந்தால் போர்டு நலம். எதுவுமே இல்லையென்றால் ரேமைக் கழற்றி, தங்கநிறப் பற்களைத் துடைத்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பார்க்கலாம்.

டச்பேட் மேலெழும்பி, கீழ்மூடி பொருந்தாமல் நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த லேப்டாப்பைச் சார்ஜில் போடக் கூடாது. உப்பிய பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தீப்பிடிக்கக்கூடும். பழைய பேட்டரியிலிருந்து 18650 செல்களைப் பிரித்து விளக்கும் பவர்பேங்கும் செய்யும் வேலையைச் சிலர் நன்றாகச் செய்கிறார்கள். செல்களை அளந்து தரம்பிரிக்கவும் பாதுகாப்பு சர்க்யூட் அமைக்கவும் தெரியாதவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மற்ற உறுப்புகளில் பயமில்லை. 2.5 அங்குல டிஸ்க் ஒரு பெட்டியில் நுழைந்தால் அதுவே வெளிப்புற டிஸ்க். ரேம் வேறு லேப்டாப்புக்குப் போகும், டி.டி.ஆர்.3 என்றால் 1.5 வோல்ட்டா, 1.35 வோல்ட்டில் ஓடும் எல் வகையா என்று பார்க்க வேண்டும். திரையின் பின்புறச் சீட்டில் இருக்கும் மாடல் எண்ணுக்கேற்ற கன்ட்ரோலர் போர்டு வாங்கினால் அது மானிட்டராகும். திரை உடைந்த லேப்டாப் ஒரு பழைய மானிட்டரோடு சேர்ந்து மேசைக் கணினியாகும். பேட்டரி செத்த லேப்டாப் பல மாடல்களில் சார்ஜர் மின்சாரத்திலேயே ஓடும். மூடிக் கீலின் பித்தளை மரைகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வருவதுதான் சர்வீஸ் மேசைக்கு அடிக்கடி வரும் உடைவு. எபாக்ஸி பசையால் மரையை மறுபடி உட்காரவைத்து, காயவிட்டு மாட்டினால் சில வருடம் தாங்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர் கைக்குப் போயின. மூடியில் முத்திரையோடு அவை இன்றும் பரண்களிலும் அலமாரிகளிலும் கிடக்கின்றன. சந்தையில் வாங்கும் லேப்டாப் ஆளுக்கொரு மாடல். அரசு கொடுத்தவையோ ஒரே மாடலில் இலட்சக்கணக்கில். ஒன்றின் கீபோர்டு, அடாப்டர், திரை, போர்டு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும். பழுதான இரண்டைச் சேர்த்து ஓடும் ஒன்றை உருவாக்க இதைவிட ஏற்ற சூழல் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். மென்பொருளில் ஒரு தடை உண்டு: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சில்லுகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சிறிய சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டு, 4 ஜி.பி. ரேமோடு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுன்டுவையோ நிறுவினால், தட்டச்சு, படிப்பு, நிரல் எழுதப் பழகுவது எல்லாவற்றுக்கும் அந்த இயந்திரம் போதும்.

பூட்டப்படும் கதவுகள்

மேலே சொன்னவை எல்லாம் கழற்ற முடிந்த இயந்திரங்களுக்கு. ஆப்பிள் 2012இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்தது. 2016இல் டச்பார் மாடல்களில் சேமிப்பகமும் போர்டோடு ஒன்றானது. 2018 முதல் டி2 சில்லு தரவைக் குறியாக்கமும் செய்கிறது. போர்டு போனால் தரவும் போகும். மற்ற நிறுவனங்களின் மெல்லிய லேப்டாப்புகளும் ரேம் விஷயத்தில் அதே பாதைக்கு வந்துவிட்டன. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவும்போது டிஸ்க்கைத் தானாகக் குறியாக்கம் செய்கின்றன. பின்னொரு நாள் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். திருடனிடமிருந்து காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாத உரிமையாளரையும் அது வெளியே நிறுத்துகிறது. அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று லேப்டாப் நன்றாக ஓடும்போதே பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

ஐ.நா. அமைப்புகளின் மின்கழிவு அறிக்கையின்படி 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின் அழுத்தம் உற்பத்தியாளர் மறுசுழற்சி செய்வதன் மேல். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணைய வாசலையும் திறந்தது. உதிரிபாகத்தையும் சர்க்யூட் விவரத்தையும் சிறு மெக்கானிக்குக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வராத வரை, உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். ஓட வைக்கக்கூடிய லேப்டாப்பை நசுக்கித் தாமிரம் எடுப்பதை மறுசுழற்சி என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதல் செய்யும் அரசு, எந்த நிறுவனத்திடமும் நிபந்தனை வைக்கும் பலம் உள்ள வாடிக்கையாளர். கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி., ரேமுக்குத் தனித் துளை, சாதாரண ஸ்க்ரூவில் திறக்கும் பேட்டரி, ஏழு வருடத்துக்கு உதிரிபாகம் என்ற நான்கு வரிகளை இனி வரும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் அரசின் மின்னணுக் கழகமான எல்காட் சேர்க்க வேண்டும். பழுதான பழைய அரசு லேப்டாப்புகளை மாவட்டத்துக்கு ஓர் அரசு ஐ.டி.ஐ.யில் சேகரித்து, மாணவர்களைக் கொண்டே பிரித்துப் பொருத்தும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களும் இயந்திரங்களும் ஏற்கெனவே இங்கே இருக்கின்றன.